பயணிகள் வசதிக் கட்டணம்

“உள்ள இருக்கறவரும் ஒரு ஆளுதானே சார்?” என்றார் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவு குமாஸ்தா. குரலில் குறும்பு ஏதும் இல்லை.

மகன் ரசீதை மறுபடி பார்த்தான். அப்பாவின் சவப்பெட்டிக்கு எடைக்கேற்ற தொகை. அதற்குக் கீழே, பயணிகள் வசதிக் கட்டணம், இருவருக்கு.

“இது எதுக்குங்க?”

“காத்திருக்கற கூடம், நாற்காலி, ஏசி, குடிதண்ணி.”

“அவரு தண்ணி குடிக்கமாட்டாரு.”

“நீங்க குடிக்கலைன்னாலும் உண்டு சார். கட்டண ஆணையமே ஒப்புதல் குடுத்திருக்கு.”

அந்த ஒப்புதலின் லட்சணம் அப்பாவுக்கு அத்துப்படி. விமான நிறுவனங்களின் சங்கத்துக்காக இருபத்தாறு வருடம் நிலையக் கட்டணங்களோடு மல்லுக்கட்டியவர். நிலையம் ஒரு கட்டணத்தைப் போடும். நியாயமா என்று ஆணையம் நிலையத்தையே கேட்கும். நியாயம்தான் என்று நிலையம் சொல்லும். அப்பா ஆட்சேப மனு கொடுப்பார். ‘கருத்தில் கொள்ளப்பட்டது’ என்று பதில் வரும். பெட்டியில் போகிறவர்களிடம் நாற்காலிக்கு வாங்கக் கூடாது என்றும் மூன்று வருடம் முன்பே எழுதியிருந்தார். அதுவும் கருத்தில் கொள்ளப்பட்டிருந்தது. நேற்று இந்த ஊரில் நடந்த ஆணைய விசாரணையில் தன் மனுவின் பதினேழாம் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே மேஜைமேல் சாய்ந்தார். மீதிப் பத்திகள் வாசிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளப்பட்டன.

விமானத்துக்கு இன்னும் ஐம்பது நிமிடம். மகனின் கை பணப்பை வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது. அம்மாவுக்குப் போன் போட்டான்.

“அப்பாவுக்கும் வசதிக் கட்டணம் கேக்கறாங்கம்மா.”

மறுமுனையில் அம்மா யாரிடமோ மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள்.

“வாதாடினா என்னாகும்?”

“இந்த விமானம் போயிடும். அப்புறம் நாளைக்குத்தான்.”

“காலையிலேருந்து எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்கடா. கட்டிடு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “சும்மா கட்டிட்டு வந்துடாதே. அவரு எழுதற மாதிரி எழுது. முத்திரை எழுத்துமேலயே விழணும். தள்ளிக் குத்தினா பின்னாடி எழுதிக்கிட்டதுன்னு சொல்லிடுவானுங்க.”

அப்பா எங்கே பணம் கட்டினாலும் ரசீதில் அந்த ஒரு வரியை எழுதுவார். வண்டி நிறுத்துமிடத்தில் எழுதுவார். மகனைக் கல்லூரியில் சேர்த்த அன்று அங்கேயும் எழுதினார். பின்னால் வரிசை நீளும். மகன் பத்தடி தள்ளி, யார் பெற்ற பிள்ளையோ என்று நிற்பான்.

இப்போது ரசீது ஓரத்தில் எழுதினான்: ‘ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது.’ பின்னால் வரிசை நீண்டது.

“இதுமேல முத்திரை போடுங்க.”

“இதுல எழுதறதுக்கு இடமே கிடையாது சார்.”

“அதான் ஓரத்துல எழுதியிருக்கேன்.”

குமாஸ்தா அவனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முத்திரையை மையில் ஒற்றி, எழுத்தின்மேல் நேராக வைத்து அழுத்தினார்.

பெட்டி உருளைகள்மேல் நகர்ந்து ரப்பர் திரைக்கு அந்தப் பக்கம் போயிற்று.

காத்திருக்கும் கூடத்தில் நல்ல கூட்டம். அடுத்தடுத்து இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றில் உட்கார்ந்து, மற்றதில் அப்பாவின் மனுக்கட்டுப் பையை வைத்தான்.

கோட்டுப் போட்ட ஒருவர் பையைப் பார்த்தார். “தம்பி, இங்க யாராவது வராங்களா?”

“ஆள் இருக்குங்க,” என்றான். “பணம் கட்டியிருக்கு.”

அவர் தலையாட்டிவிட்டு வேறு இடம் தேடிப் போனார். முத்திரை மை இன்னும் காயவில்லை. ரசீதை மடிக்காமல் அந்தப் பையின்மேல் விரித்து வைத்து, லேசாக ஊதினான்.