ஐந்து வீடும் கோசோங்

காஜா பேராங் வட்டாரத்தில் கமலவேணிக்கு வாய் நீளம் என்று பெயர். அந்த வாய்தான் இப்போது ஐந்து குடும்பத்தின் கூரைக்கு வேட்டு வைத்திருந்தது.

சுதந்திரம் வந்த புதிதில் முனிசிபாலிட்டி ஆள் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். ஐந்து வீட்டின் பின்னாலும் சமைப்பதற்கு அனுமதி வாங்காமல் இறக்கிய தகரக் குசினி. இடிக்கத்தான் வருகிறார் என்று முடிவுகட்டி, எல்லோரையும் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, கமலவேணி மட்டும் வேலியோரம் நின்றாள்.

"கோசோங், துவான். அஞ்சு வீடும் காலி. ஆளே இல்ல."

அவர் 'கோசோங்', அதாவது காலி, என்று மலாயில் எழுதிக்கொண்டு போனார். தப்பித்தோம் என்று அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

வந்தவர் நகரத் திட்டத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர். அடுத்த வருஷம் வரைபடம் ஒட்டினார்கள். ஐந்து வீடு இருந்த இடத்தில் லாரி நிறுத்துமிடம். ஆட்சேபம் எழுதிக் கொடுக்க ஒரு மாதத் தவணை. பொய்க்குப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று மற்ற நாலு வீட்டாரும் வாயே திறக்கவில்லை. கமலவேணி மட்டும் மனு கொடுத்தாள்.

விசாரணை அதிகாரி ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "வீடு காலி என்று பதிவாகியிருக்கிறதே, அம்மா."

"நான்தான் சொன்னேன், ஐயா. குசினிய ஒடச்சிருவாங்கன்னு பயம்."

"சரி, உங்கள் வீட்டைத் திட்டத்தில் சேர்க்கலாம். மற்றவர்கள் ஆட்சேபிக்கவில்லை. அவர்களுக்காக நான் ஒன்றும் செய்ய முடியாது."

தன் வீடு பிழைத்தது, போய்விடலாம். ஆனால் கெடுத்தது அவள்தானே.

"மனுவ இன்னொரு தடவ படிங்க, ஐயா. என் வீட்டப் பத்தி மட்டும் எழுதல. நான் சொன்ன சொல்லு தப்புன்னு எழுதியிருக்கேன். அந்தச் சொல்லு அஞ்சு வீட்டுக்கும் சொன்னது."

ராஜரத்தினம் படித்தார். நிதானமாக இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"பக்கத்து வீட்டில் எத்தனை பேர்?"

துணைக்கு வந்து பின் பெஞ்சில் இருந்த பக்கத்து வீட்டுக் கண்ணம்மா கமலவேணியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். சொல்லாதே என்று அர்த்தம்.

"கண்ணம்மா வீட்டுல ஆறு பேரு."

"நீங்கள் சொன்னால் போதாது. அந்த வீட்டார் யாராவது சொல்ல வேண்டும்."

ராஜரத்தினம் பேனாவின் மூடியைத் திருகி மூடத் தொடங்கினார். சேலையைப் பிடித்திருந்த கை விட்டது.

"ஆறு இல்லீங்க, ஏழு," என்று கண்ணம்மா எழுந்து நின்றாள். "போன மாசம் ஒண்ணு பொறந்திருக்கு."