கோணல் தையல்

மண்டபத்தைத் துடைத்து முடித்துவிட்டு, வாளியோடு தூண் ஓரமாக நின்றாள் அம்மாக்காரி. பிள்ளைகள் தங்கள் கையால் செய்ததைத் தாங்களே விற்கும் சந்தை அன்று. கெஞ்சிக் கூத்தாடி மகளுக்கும் ஒரு மேஜை வாங்கியிருந்தாள். பத்து வயது மகள் துணிப் பர்ஸ்களைப் பரப்பி வைத்துக் காத்திருந்தாள். விற்றால் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி.

சந்தை நடத்தும் மேடம் காலையிலேயே பிள்ளைகளுக்கு யோசனை சொல்லியிருந்தாள். சிரித்த முகமாக நிற்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். எப்படிச் செய்தாய் என்று கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள்.

முதலில் வந்த பெண்மணி ஒரு பர்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது குழந்தை தைத்ததே அல்ல என்று மேடத்தைக் கூட்டிவந்துவிட்டாள். மகள் ஒரு துணித்துண்டை எடுத்தாள். ஊசியில் நூலைக் கோத்து, எல்லோர் எதிரிலும் ஒரு பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக் காட்டினாள். கூட்டம் கூடிவிட்டது. செல்போன்கள் உயர்ந்தன. தூணோரம் நின்றவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"இதை எங்கேம்மா கத்துக்கிட்டே?" என்றாள் மேடம்.

மகள் அவள் கண்ணைப் பார்த்து, சிரித்த முகமாகவே சொன்னாள். "அம்மாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு. ரெண்டு வருஷமா வீட்டுக்கு வர்ற கம்பெனி சட்டைக்கெல்லாம் நான்தான் காஜா எடுக்கறேன்."

செல்போன்கள் இறங்கின. மேடம் தாயைத் தனியே அழைத்துப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். பிள்ளையை வேலை வாங்குவது குற்றம். போலீசுக்குச் சொல்லாமல் விடுவதே பெரிது. ஐந்து நிமிஷத்தில் பர்ஸ்களை மூட்டை கட்டி மேஜையைக் காலி செய்ய வைத்தாள். பக்கத்து மேஜையில், பிதுங்கியும் நெளிந்தும் கிடந்த பைகளை "பாவம், எவ்வளவு அழகு" என்று ஆளாளுக்கு அள்ளிக்கொண்டார்கள்.

வாசல்வரை போன தாயையும் மகளையும், அந்தப் பக்கத்து மேஜைச் சிறுமியின் தாய் ஓடிவந்து பிடித்தாள். அடுத்த வாரம் இன்னொரு சந்தையாம். அவள் பெண்ணுக்கு ஊசி என்றாலே சலித்துவிட்டதாம்.

"நாப்பது பர்ஸ் வேணும். ஆனா இவ்வளவு நேர்த்தியா வேண்டாம். கொஞ்சம் கோணலா, குழந்தை தச்ச மாதிரி இருக்கணும்."

பர்ஸ் மூட்டையோடு நின்ற தாய் தலையாட்டினாள்.

மறுநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மகள் தைத்து நீட்டியதை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"நேராத்தான் இருக்கு. பிரிச்சிடு."

மகள் பிரித்தாள். மறுபடி தைத்தாள். அதுவும் நேராகவே வந்தது.

"கை கோணவே மாட்டேங்குதும்மா."

அம்மா அதையும் திருப்பி நீட்டினாள். மகள் அதையும் பிரித்தாள். பிறகு ஊசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.