மீனெண்ணெய்க் கார்

என் கணவர் ஜெனிலுக்கு உலகத்தில் உள்ள எல்லாமே வள்ளம்தான். பூவாரில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் படகோட்டுகிறவர். வள்ளத்துப் பலகை உப்புக் காற்றில் கெடாமலிருக்க மீனெண்ணெய் தடவுவார்கள். அந்த அறிவை வீட்டுக்குக் கொண்டுவந்து என் காரின் அடிப்பாகம் முழுக்கத் தடவினார். ஒரு தடவையோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. கடல்காற்று வீசிய போதெல்லாம் தடவினார். சர்ச்சில் யாரும் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் தங்கள் வண்டியை நிறுத்துவதில்லை.

அந்தக் காரை நம்பித்தான் எனக்கு வேலை கிடைத்திருந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிற நர்ஸ் வேலை, பெருங்கடவிளைப் பக்கம். சொந்த வண்டி வேண்டும், திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். அந்த நேரம் பார்த்து எஞ்சின் சூடேறி நின்றுபோனது. இன்னொரு பழைய எஞ்சினை வாங்கி முற்றத்தில் தார்ப்பாய்மேல் வைத்தோம். திருப்புறத்து மெக்கானிக் சதாசிவனைக் கூப்பிடலாம் என்றேன். ஜெனிலுக்கு முகம் சுண்டிவிட்டது. வள்ளத்து எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற கைக்கு மெக்கானிக் எதற்கு என்றார். துணைக்கு அவருடைய அண்ணன் கனகதாஸ் வந்தார். அண்ணனுக்கு வேலை தெரியாது, அபிப்பிராயம் மட்டும் நிறைய உண்டு.

சனிக்கிழமை எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளோடு மல்லுக்கட்டினார்கள். மீனெண்ணெய் எஞ்சின் சூட்டில் வெந்து வெந்து அரக்காக இறுகியிருந்தது. தம்பி ஸ்பானரில் தொங்கினார். அண்ணன் சுத்தியலால் அடித்து போல்ட்டின் மூலைகளை மழுக்கினார். அடுத்ததாகத் தேங்காயெண்ணெய் ஊற்றச் சொன்னார். எண்ணெயால் வந்த கேட்டுக்கு இன்னொரு எண்ணெய். மத்தியானத்துக்குள் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும் எப்படியோ கழன்றன. கப்பல் கட்டி முடித்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் உட்கார்ந்து சாயா குடித்தார்கள்.

பிறகு முற்றத்து அயினி மரக் கிளையில், கனம் தூக்குகிற சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கைக் கட்டி எஞ்சினைத் தூக்கினார்கள். எஞ்சின் ஏறியது. கூடவே காரும் ஏறியது. முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி ஆடின.

"எலே, இன்னும் இழு. கனம் தாங்காம தானா விட்டிடும்" என்றார் கனகதாஸ்.

தம்பியும் இழுத்தார். கிளை முறுகிச் சத்தம் போட்டது. என் வேலை அந்தக் கிளையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இறக்கச் சொல்லிக் கத்தினேன்.

இறக்கினார்கள். ஜெனில் கையைத் துடைத்தபடி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த வேல போனா போட்டும் ரெஜிலா. வீட்டுல இருந்தா உனக்கு என்ன கொறவு?"

இத்தனை நாள் அவர் மனதில் இருந்தது இப்போதுதான் வாய்க்கு வந்திருக்கிறது. நான் தார்ப்பாயில் கிடந்த எஞ்சினிடம் போனேன். அதைத் தாங்கிப் பிடிக்கும் இடம் மூன்று இருந்தது. கண் இருக்கிற யாரும் எண்ணிப் பார்த்திருக்கலாம். இவர்கள் கழற்றியது இரண்டு.

வண்டிக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு மீன் வெட்டுகிற கத்தியோடு அடியில் நுழைந்தேன். எஞ்சினுக்குப் பின்னால் கீழே சுரண்டச் சுரண்ட அரக்கு பாளம் பாளமாக உதிர்ந்தது. உள்ளே மூன்றாவது போல்ட் துருப்பிடிக்காமல் புதிதுபோல இருந்தது. அந்த ஒன்றில் மட்டும் மீனெண்ணெய் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. ஸ்பானரில் தண்ணீர்க் குழாய்த் துண்டைச் சொருகிக் காலால் மிதித்தேன். கிர்ரென்று விட்டது.

எஞ்சின் தனியாக மேலே போனது. தான் முதலில் இழுக்கச் சொன்னதால்தான் இளகியது என்றார் கனகதாஸ். தார்ப்பாயில் கிடந்த எஞ்சினைப் பூட்ட நானே சதாசிவனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து பூட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை புறப்பட்டு வந்தால், ஜெனில் கையில் டின்னும் பிரஷ்ஷுமாகக் காருக்கு முன்னால் முட்டிபோட்டு இருக்கிறார். புதிதாகப் பூட்டிய எஞ்சினுக்குக் கொஞ்சம் தடவிவிடுகிறாராம்.

டின்னை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"இது வள்ளம் இல்ல. எனக்க வண்டியாக்கும்" என்றேன்.

டின்னைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். பெருங்கடவிளை வரை நாற்றம் குடலைப் பிடுங்கியது. பரவாயில்லை, அவர் கையில் விட்டுவிட்டு வருவதற்கு இது எவ்வளவோ மேல்.