வர முடியாது என்று ஒரு லெட்டர்

இரவுச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவியதும் அத்தானின் போன் வரும். அக்கா ஸ்பீக்கரில் போடுவாள். முதலில் ஒரு பெருமூச்சு வரும், அதற்குப் பின்னால்தான் அத்தான் வருவார்.

"என்ன பண்றது சொல்லு. இந்தப் பாழாப்போன தொற்று அடங்குற வரைக்கும் வெளிநாட்டுல இருக்கறவனை உள்ள விடமாட்டாங்களாம். பிரசவத்துக்குப் பக்கத்துல இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

அக்கா நிறைமாத வயிற்றைத் தடவிக்கொண்டு "ம்" என்பாள். பக்கத்தில் துணி மடிக்கும் தங்கை வாயே திறக்க மாட்டாள். அவளுக்கு வீட்டில் சி.ஐ.டி. என்று பெயர். வைத்தவர் அத்தான்தான். கல்யாணப் பேச்சு நடந்தபோது அவர் கம்பெனிக்கே போன் போட்டு, இப்படி ஒரு ஆள் நிஜமாகவே அங்கே வேலை பார்க்கிறாரா என்று விசாரித்தவள் அவள். "சி.ஐ.டி. என்ன சொல்றா?" என்று அவர் இன்னமும் கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தானுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. வேலை பார்த்த துணிக்கடையைத் தொற்றால் மூடிவிட்டபிறகு சி.ஐ.டி. பயணிகள் தகவல் மையத்தில் சேர்ந்திருந்தாள். யார் நாட்டுக்குள் வரலாம், என்ன பரிசோதனை, எங்கே தனிமையில் இருக்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கெல்லாம் போனில் சொல்கிற வேலை. "அவர்கிட்ட சொல்லிடாதே, கேலி பண்ணியே கொல்லுவார்" என்று அக்காதான் தடுத்துவைத்திருந்தாள்.

போன வாரம் விதி மாறியது. பிரசவம் நெருங்கிய பெண்ணின் கணவர் வரலாம்; பரிசோதனைச் சான்று வேண்டும், வந்ததும் ஒரு வாரம் தனிமையில் இருந்தால் போதும். போன் செய்கிறவர்கள் முதலில் கேட்கும் பதிவுக்கு, குரல் கணீரென்று இருக்கிறது என்று மேலதிகாரி இவளையே பேசவைத்தார். ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னவள் வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. பார்ப்போம், அந்த மனுஷன் தானாக வாயைத் திறக்கிறாரா என்று காத்திருந்தாள். பெருமூச்சுதான் தவறாமல் வந்தது. அங்கே எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்றே அவள் முடிவுகட்டிவிட்டாள்.

இன்று மதியம் டீ குடிக்கும்போது பக்கத்து மேஜைக்காரர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"எல்லாரும் வர்றதுக்கு வழி கேட்டு உயிரை வாங்குறாங்க. காலையில ஒருத்தர், வர முடியாதுன்னு ஒரு லெட்டர் குடுங்கங்கறார்! மேல கேட்டுச் சொல்றேன், சாயங்காலம் கூப்பிடுங்கன்னேன்."

"எந்த நாட்டுலேர்ந்துண்ணே?"

அவர் சொன்னது அத்தான் இருக்கும் நாடு. அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அவர் திரும்பக் கூப்பிட்டா எனக்குத் தள்ளிவிடுங்க."

"ஏம்மா, உனக்கு இருக்கிற தலைவலி பத்தாதா?"

"பத்தலை."

சாயங்காலம் அழைப்பு வந்தது. முதலில் ஒரு பெருமூச்சு கேட்டது. அதற்கு மேல் அவளுக்கு அடையாளம் தேவைப்படவில்லை.

"வணக்கம், பயணிகள் தகவல் மையம். சொல்லுங்க சார்" என்றாள் ஆபீஸ் குரலில்.

"வர முடியாதுன்னு லெட்டர் கேட்டிருந்தேனே மேடம். மனைவிக்குப் பிரசவம்."

"அப்படின்னா உங்களுக்கு அனுமதி உண்டே சார்."

"தெரியும் மேடம். மாறின அன்னைக்கே பார்த்துட்டேன்."

அடப்பாவி! திட்டவும் வழியில்லை, பேசுவது முழுவதும் பதிவாகிறது. மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சும் எதுக்கு சார் லெட்டர்?"

"மூக்குல குச்சி விடணும், ஒரு வாரம் ரூமுக்குள்ள அடைஞ்சு கிடக்கணும், அப்புறம் ஆஸ்பத்திரி, அழுகை, அலைச்சல்... நமக்கு ஒத்துவராது மேடம். எல்லாம் முடிஞ்சப்புறம் சாவகாசமா வந்து பார்த்துக்கலாம். மனைவி பாவம், எதைச் சொன்னாலும் நம்பிடுவா. கூட ஒரு மச்சினிச்சி இருக்கா, சரியான சி.ஐ.டி. அவ வாயை அடைக்கத்தான்."

எவளும் இல்லை. வெறும் சோம்பல். எவளாவது இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"அப்படி ஒரு லெட்டர் கிடையாது சார். வேற ஏதாவது தகவல் வேணுமா?"

"வேண்டாம் மேடம். ரொம்பத் தெளிவாப் பேசுறீங்க."

வீட்டுக்கு வந்தபோது அக்கா வீங்கிய காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "இன்னைக்கு ஏதாவது புது விதி வந்துச்சா?" என்றாள். தினமும் கேட்கிற கேள்விதான்.

சி.ஐ.டி. எதையும் மறைக்கவில்லை. விதி மாறியது, லெட்டர், மூக்குக் குச்சி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அக்கா அழவில்லை. போனை எடுத்து ஏதோ எண்ணை அழுத்தினாள். பிரசவம் நெருங்கிய பெண்களின் கணவர்கள் வரலாம் என்று தங்கையின் குரலே கணீரென்று அறைக்குள் பேசியது.

"தினமும் மத்தியானம் கேக்கறேன்" என்றாள் அக்கா. "லெட்டர் விஷயம்தான் புதுசு. உன் வேலையை அவர்கிட்ட ஏன் மறைக்கச் சொன்னேன்? தெரிஞ்சா உஷாராயிடுவார்னுதான். வீட்ல சி.ஐ.டி. நீ ஒருத்திதான்னு நினைச்சியா? அவரா சொல்றாரான்னு பார்த்தேன். நீயா சொல்றியான்னும் பார்த்தேன். ஒருத்தரும் சொல்லலை. ஒரு வாரமா உங்க ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

சி.ஐ.டி.க்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்காவின் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தைப் பிடித்துவிட்டாள். அக்கா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று தட்டு கழுவுமுன்பே போன் அடித்தது. ஸ்பீக்கரில் பெருமூச்சு வந்தது. அது முழுக்க வந்து முடியட்டும் என்று அக்கா காத்திருந்தாள்.

"நீங்க வரவே வேண்டாம். இப்பவும் வேண்டாம், சாவகாசமாவும் வேண்டாம்" என்றாள். "ஏதோ லெட்டர் வேணுமாமே. அதுக்கு ஆள் இங்கயே இருக்கு, பேசுங்க."

போன் தங்கையின் கைக்கு வந்தது.

"வணக்கம், பயணிகள் தகவல் மையம். சொல்லுங்க சார்."

பெருமூச்சுகூட விடாமல் அத்தான் போனை வைத்துவிட்டார்.