அக்காவின் வாய்த் தண்ணீர்

வெள்ளைப் பல்லுக்காக மனித குலம் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரைக் கொண்டு மூன்று கடல்களை நிரப்பலாம் என்று தம்பி கல்லூரிச் சுவரிதழில் எழுதியிருந்தான். இந்த ஆராய்ச்சிக்கு அவன் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு ஆளைத்தான். அவனுடைய அக்காவை.

கல்யாணமாகிப் போகும்வரை அவள் டீ குடித்த கையோடு வாஷ்பேசினுக்குப் போய் வாய் கொப்பளிப்பாள். காலையும் இரவும் மிருதுவான பிரஷ்ஷால் இரண்டு நிமிடம் பூப்போலத் தேய்ப்பாள். கதவுக்கு வெளியே நின்று இவன், "பல்லு தேய்க்கிறியா, தாலாட்டுறியா?" என்பான். உள்ளேயிருந்து நுரையோடு ஒரு "போடா" வரும்.

நாளைக்குக் கல்லூரியில் கடைசி வருடப் புகைப்படம். பல்லிலோ மூன்று வருட டீக்கறை. ஒரே நாளில் வெளுத்துவிட வேண்டுமென்று எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கலந்து, அடிப்பிடித்த பாத்திரத்தைப்போலத் தேய்த்தான். கறை அப்படியே இருந்தது. பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூசியது. வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் செய்தான்.

அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

"எலுமிச்சை பல்லோட மேல்பூச்சையே அரிச்சிடும்டா. கூச்சம் போகலைன்னா பல் டாக்டர்கிட்ட காட்டு. கறை மெதுவாத்தான் போகும்."

"நாளைக்கு போட்டோக்கா."

"வாயை மூடிட்டுச் சிரி. பார்க்க அறிவாளி மாதிரி இருப்ப."

சாயங்காலம் ஆறிய டீயைக் குடித்துவிட்டு வாஷ்பேசின் முன் நின்றான். அவளுடைய நீல டம்ளரை யாரும் எடுத்து வைக்கவில்லை. அதில் வெதுவெதுப்பான தண்ணீரைப் பிடித்து, சத்தம் வராமல் கொப்பளித்தான். கதவுக்கு வெளியே கிண்டல் செய்ய யாருமில்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டான்.