சட்டைப் பையில் கிடந்த ஃபியூஸ்

கட்டின மனைவியின் உயிருக்கு அன்றைக்கு விலை நூற்றிருபது ரூபாய். ஃபியூஸ் நூறு, ரப்பர் வளையம் இருபது. இரண்டும் வயரிங்காரரின் சட்டைப் பையில் இருந்தன.

அது அவருடைய தொழில் தந்திரம். காரில் எத்தனை ஆம்ப்ளிஃபயர் பூட்டினாலும், பேட்டரி ஓரத்து மெயின் ஃபியூஸையும், எஞ்சின் பக்கத்துத் தகட்டுத் துளையில் வயர் உரசாமல் காக்கும் வளையத்தையும் காசு கைக்கு வந்த பிறகே மாட்டுவார். ஃபியூஸ் இல்லாமல் பாட்டு வராது. பாட்டு வராமல் எவனும் வண்டியை எடுக்க மாட்டான். இருபது வருஷத்தில் ஒரு சல்லிக்காசு மூழ்கியதில்லை.

இன்றைய வாடிக்கை, மனைவியின் அண்ணன். மூன்று ஆம்ப்ளிஃபயர்.

"மாப்ளே, தங்கச்சியவே குடுத்திருக்கேன். கூலி வேற கேப்பியா?"

"அதுக்குத்தான் மச்சான் இருபது வருஷமா வட்டி கட்டிக்கிட்டிருக்கேன். மூவாயிரத்த எடுங்க, அப்புறம் பாட்டு."

வண்டியின் முன்சீட்டில் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். அவர் டீ சொல்லிவிட்டுத் திரும்பினார். வண்டியையும் காணோம், அவளையும் காணோம். தெருக்கோடியில் டம் டம் என்று பாட்டு.

எதிர்க்கடை டயர்காரர் பல்லைக் காட்டினார். "உங்க மச்சான் கில்லாடிய்யா! ஃபியூஸ் எடத்துல ஒரு போல்ட்ட வச்சாரு, பாட்டு பிச்சுக்கிச்சு!"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். வயர் தகட்டில் பட்டால் ஃபியூஸ் தான் செத்து வண்டியைக் காப்பாற்றும். போல்ட் சாகாது. விரல் தடிமன் வயர் தீயாய்ப் பழுக்கும். துளையின் விளிம்போ கத்தி. காலையில் அவரே போட்டது, அரத்தால் விளிம்பை மழுக்கவில்லை. வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் ஓர் உரசல்.

மச்சானுக்கு ஃபோன் அடித்தார். எடுக்கவில்லை. மனைவிக்கு அடித்தார். மூன்று ஆம்ப்ளிஃபயர் அலறும் வண்டியில் எங்கே கேட்கும்? அதைப் பூட்டிய புண்ணியவானும் அவர்தானே!

ஸ்கூட்டரை முறுக்கினார். சத்தம் இடப்பக்கம் போனது, இவரும் போனார். மார்க்கெட்டைத் தாண்டியது. அதற்கப்பால் தோண்டிப் போட்ட சாலை, முழுக்கப் பள்ளம். ஒரு கையால் மறுபடி மனைவிக்கு அடித்தார்.

பாட்டு பட்டென்று நின்றது.

புகை தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்தார். பார்க்கவும் பயமாயிருந்தது.

"என்னங்க, உசுரு போற மாதிரி அடிக்கிறீங்க?" ஃபோனில் மனைவி. "மடியில ஃபோன் வெளிச்சம் வந்துச்சு. பாட்ட நிறுத்தச் சொன்னேன், அண்ணன் காதுல எதுவும் விழல. அதான் நீல வயரப் புடுங்கிட்டேன்."

மூன்று ஆம்ப்ளிஃபயரையும் எழுப்பும் மெல்லிய வயர் அது. கடையில் எத்தனையோ தடவை அவருக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"வண்டிய ஆஃப் பண்ணச் சொல்லு! ரெண்டு பேரும் எறங்கித் தள்ளி நில்லுங்க!"

போய்ச் சேர்ந்து பேட்டரி வயரைக் கழற்றுவதற்குள் ஸ்பானர் மூன்று முறை வழுக்கியது. துளையருகே வயரின் தோல் கிழிந்து, செம்பு பல்லிளித்தது. தகட்டுக்கும் அதற்கும் மயிரிழை.

மச்சான் மூவாயிரத்தை எண்ணி வைத்தார். வயரிங்காரர் பையிலிருந்து வளையத்தை எடுத்தார்.

மனைவி அதையே பார்த்தாள். "இவ்வளவு நேரம் இது உங்ககிட்டயா இருந்துச்சு?"

அவர் ஃபியூஸையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அவள் அவருடைய கணக்கு நோட்டை வாங்கி, ஸ்கூட்டர் சீட்டில் வைத்து எழுதினாள்:

கூலி மூவாயிரம், வரவு.
ஃபியூஸ், வளையம் நூற்றிருபது, செலவு.
என் உயிர் ஒன்று. அண்ணன் பாக்கி பாதி, புருஷன் பாக்கி பாதி.