என் ஹேர்பேண்ட்

மின்னலின் கிட்டாரில் என் ஹேர்பேண்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கறுப்பு வெல்வெட் சுற்றிய எலாஸ்டிக், ஒரு ஓரம் நூல் பிரிந்தது. கிட்டார் கழுத்தின் மேல்முனையில் கம்பிகளோடு சேர்த்து மாட்டியிருந்தான். அரை மணியில் நிகழ்ச்சி.

இரண்டு கையாலும் தட்டி வாசிக்க நான் பழகியது சத்தமே இல்லாமல். அம்மாவுக்கு ஆலையில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். அதனால் கிட்டாரை ஆம்பில், அந்த ஒலிபெருக்கிப் பெட்டியில், இணைக்காமல் உட்காருவேன். இடது கை கம்பியை அழுத்தியிருக்கும். வலது ஆள்காட்டி விரல் அதே கம்பியில் குத்தி, எடுக்கும்போது சுண்டிவிட வேண்டும். காதில் சரியாக விழவில்லையே என்று ஆணி அடிப்பதுபோல் அடித்துப் பழகிவிட்டேன். ஒத்திகையில் ஆம்பில் இணைத்ததும் தொடாத கம்பிகளெல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. மின்னல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எங்கள் லீட் கிட்டாரிஸ்ட் அவன். மின்னல் என்ற பெயரும் அவனே தனக்குச் சூட்டிக்கொண்டது. டிரம்ஸ் வாசித்துக் குழுவை நடத்துகிற, எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டுவதை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

விரல் நுனி வெடிக்க வெடிக்க மெதுவாகத் தட்டப் பழகினேன். மிச்ச இரைச்சலை அடக்க முடியில் இருந்த பேண்டை உருவிக் கம்பிகளின் மேல் மாட்டினேன். அடுத்த ஒத்திகையில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"நல்லா இருக்கு," என்றார் அண்ணன். "மின்னலுக்குச் சொல்லிக் குடு. மேடையில நீ தலையக் குனிஞ்சு தட்டிட்டிருந்தா எடுபடாதும்மா."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கல்லூரியிலும் இதே கதைதான்: நீ எழுதிக் கொடு, அவன் மேடையில் பேசட்டும். அன்றும் எழுதிக் கொடுத்தேன். இதையும், என் புத்தியை எதால் அடிப்பது, சொல்லிக் கொடுத்தேன். பேண்டையும் கொடுத்தேன். மெதுவாகத் தட்டு என்று எத்தனையோ முறை சொன்னேன். பேண்ட் இருக்கே, எதுக்கு என்றான்.

இப்போது மேடைக்குப் பின்னால் போய், அவன் கிட்டாரிலிருந்து அதை உருவினேன்.

"ஏய், என்ன பண்ற?"

"முடி கண்ணுல விழுது."

கொண்டை போட்டுக்கொண்டேன். ஒலிச் சோதனைக்கு மின்னல் ஏறினான். ஆணி அடித்தான். கூடம் முழுக்க ஊளை. மைக் சரிசெய்துகொண்டிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் என்னிடம் ஓடிவந்தார். குரல் தேன் மாதிரி இருந்தது. "குடுத்துடும்மா. ஜனம் வர்ற நேரம். நம்ம குழு மானம் போயிடும்."

"நம்ம குழுவாண்ணே? சரி, குடுக்கறேன்."

கொண்டையை அவிழ்த்தேன். பேண்டை என் கிட்டார் கழுத்தில் மாட்டினேன். மேடையேறி, மின்னலின் கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கி என்னுடையதில் சொருகினேன். அவன் கிட்டாரோடு ஓரமாக ஒதுங்கினான்.

தலையைக் குனிந்துதான் தட்டினேன். முடி முகத்தில் விழுந்தது. விழட்டும். அண்ணன் போய் டிரம்ஸில் உட்கார்ந்தார்.